இதய நோய் ஆராய்ச்சிக்கு எம்.பி.பி.எஸ். கட்டாயமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் படித்தவள். என் கணவருக்கு 44 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து, "யாருக்கு மாரடைப்பு வரும்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ஆராய்ச்சிக்குத்தான் போவேன்" என்கிறாள். நீட் மதிப்பெண் அரசு சீட்டுக்கு எட்டவில்லை. இன்னொரு வருடம் கோச்சிங் அனுப்பலாமா? ஒரு தனியார் கல்லூரியில் மருத்துவத் துறைக்கான ஏ.ஐ. என்று பி.டெக். இருக்கிறது என்கிறார்கள். அதில் சேர்க்கலாமா?

பதில்: அம்மா, உங்கள் மகள் கேட்டிருப்பது மருத்துவர் வேலை இல்லை. அதனால் நீட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இந்த ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். 1948இல் அங்கே 5,209 பேரைச் சேர்த்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொண்டே வந்தார்கள். யாருக்கு இதய நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை, இருவருக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் கேள்வி. உயர் ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் சிகரெட்டும் இதயத்துக்கு ஆபத்து என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அதற்கு உறுதியான ஆதாரம் தந்ததில் அந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆய்வு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று மூன்றாம் தலைமுறைவரை போயிருக்கிறது.

ஆனால் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் கொஞ்சம் அதிகம், அழுத்தமும் கொஞ்சம் அதிகம், சிகரெட்டும் உண்டு என்றால் மொத்த ஆபத்து எவ்வளவு? இதற்கு ஸ்டெதஸ்கோப் உதவாது, கணக்குதான் வேண்டும். அதைப் போட்டவர்களில் முக்கியமானவர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட் என்ற புள்ளியியலாளர். அடுத்த பத்து வருடத்தில் இதய நோய் வர எவ்வளவு வாய்ப்பு என்று டாக்டர்கள் இன்று சொல்லும் 'பத்து வருட ரிஸ்க்' எண்ணுக்கு வேர் அந்த 1960களின் கணக்கில் இருக்கிறது. அவர் டாக்டர் இல்லை. கல்லூரியில் படித்தது வரலாறு! (இதைப் பார்த்து மகளை வரலாறு படிக்க அனுப்பிவிடாதீர்கள். அந்தக் காலம் வேறு.)

நம் ஊருக்கு வரும்போதுதான் சிக்கல். ஃப்ரேமிங்ஹாம்காரர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். இன்டர்ஹார்ட் என்ற 52 நாட்டு ஆய்வைப் பாருங்கள். முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53, மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. ஃப்ரேமிங்ஹாம்காரர்களுக்குப் போட்ட கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது, திருத்த வேண்டும். மரபணுப் பக்கமும் வேலை இருக்கிறது. இதயத் தசையைப் பாதிக்கும் ஒரு மரபணு மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2009இல் ஒரு கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர்.

இனி படிப்பு. என் முதல் தேர்வு பி.எஸ்ஸி. ஸ்டாடிஸ்டிக்ஸ். சென்னை மாநிலக் கல்லூரி, லயோலா, எம்.சி.சி. போன்ற இடங்களில் இருக்கிறது, செலவும் கைக்கு அடங்கும். அப்புறம் வேலூர் சி.எம்.சி.யில் எம்.எஸ்ஸி. பயோஸ்டாடிஸ்டிக்ஸ் (மருத்துவத் தரவுக்கான புள்ளியியல்) போல ஒன்று, பிறகு பிஎச்.டி. இன்னொரு வழி, சென்னை ஐ.ஐ.டி.யின் நான்கு வருட பி.எஸ். மெடிக்கல் சயின்சஸ் அண்ட் இன்ஜினியரிங். இதற்கு நீட்டும் வேண்டாம், ஜே.இ.இ.யும் வேண்டாம். ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள் நடத்தும் ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நீட் ரிசல்ட் வரட்டும் என்று இருந்தால் பெரும்பாலும் விண்ணப்பத் தேதி போய்விடும்.

கார்டியாக் டெக்னாலஜி என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம். நல்ல படிப்புதான், ஆனால் எக்கோ ஸ்கேன், ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் என்று மருத்துவமனை வேலைக்கானது.

அந்த பி.டெக். பற்றி: பெயரை விட்டுவிட்டு சிலபஸைக் கேட்டு வாங்குங்கள். நிகழ்தகவும் புள்ளியியலும் எத்தனை பேப்பர்? மாணவர்கள் கையில் நோயாளிகளின் நிஜத் தரவு வருமா? கண்ணின் விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து ஒருவரின் வயதையும் ரத்த அழுத்தத்தையும் கணினி ஓரளவு கணிக்கும் என்று 2018இல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படி ஒரு புரோகிராமை ஓட்ட நிறைய பேர் இருக்கிறார்கள். அது சொல்லும் பதில் நம் மக்களுக்கும் சரியா என்று சோதிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. சிலபஸ் அதைக் கற்றுத் தராவிட்டால் அந்த ஃபீஸ் தண்டம்.

வருமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ப்ராஜெக்ட் வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். நிலையான பதவிக்கு முப்பது வயதைத் தாண்டலாம். இடையில் பணம் தேவைப்பட்டால், மருந்து ஆய்வு நிறுவனங்கள் பயோஸ்டாடிஸ்டிக்ஸ் படித்தவர்களை எடுக்கின்றன. சென்னை, பெங்களூரு இரண்டிலும் வாய்ப்பு உண்டு.

கோச்சிங் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. ஸ்டென்ட் வைப்பதற்கு முந்தைய வருடம் உங்கள் கணவருக்கு எடுத்த கொலஸ்ட்ரால், ரத்த அழுத்த ரிப்போர்ட் இருந்தால், அதை மகளிடம் கொடுத்து, அந்தப் பத்து வருட ரிஸ்க்கைச் சொல்லும் ஃப்ரேமிங்ஹாம் கால்குலேட்டரில் போடச் சொல்லுங்கள். இணையத்தில் இலவசம். ரிஸ்க் குறைவு என்று வந்தாலும் வரலாம். "கணக்கு ஏன் அப்பாவைத் தவறவிட்டது?" என்று அவள் குடைய ஆரம்பித்தால் ஸ்டாடிஸ்டிக்ஸுக்கு விண்ணப்பம் போடுங்கள். எண்ணில் மனம் ஒட்டவில்லை, நோயாளியைப் பார்க்கத்தான் ஆசை என்றால், ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், நீட்டுக்குக் கொடுங்கள்.