கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலையில் மேலே போக முடியுமா?

பத்தாவது முடித்துவிட்டு கோல்ஃப் மைதானத்தில் மாலியாகச் சேர்ந்திருப்பதாகவும், கடைசிவரை மெஷின் தள்ளிக்கொண்டேதான் இருக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான். சொந்த ஊர் சேலம். பெங்களூரில் ஆறு வருடம் கோல்ஃப் மைதான வேலை, இப்போது ஏற்காட்டில் ஒரு பள்ளியின் விளையாட்டு மைதானம் என் பொறுப்பு.

முடியும். ஆனால் உடனே சான்றிதழ் தேடி ஓடாதீர்கள். முதலில் கணக்கு.

சேர்ந்த புதிதில் யூரியாவைக் கைக்கு வந்தபடி வீசிவிட்டுத் தண்ணீர் விடாமல் சாப்பிடப் போனேன். மூன்றாம் நாள் என் கைவீச்சு அப்படியே தரையில் பழுப்புப் பட்டையாகத் தெரிந்தது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 100 சதுர மீட்டருக்கு ஒரு கிலோ போட்டால் சதுர மீட்டருக்கு 4.6 கிராம் நைட்ரஜன் போகிறது. ஒரே தடவையில் அதுவே அதிகம். எடை போட்டு, பாதியை நெடுக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவி, உடனே நீர் விட வேண்டும். இதை எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. சரி, நானும் கேட்கவில்லை.

அடுத்து, புல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், இருப்பது பெரும்பாலும் பெர்முடா. வேறு யாருமில்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் உறவுக்காரன். டிஃப்ட்வார்ஃப் போன்ற கலப்பு ரகங்கள் விதை கொடுக்காது, தண்டை நட்டுத்தான் பரப்ப வேண்டும். கிரீனில் அதை மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு வெட்டுகிறோம். அந்த உயரத்தில் பிளேடு மழுங்கியிருந்தால் நுனி கிழியும், பூஞ்சை உள்ளே வரும். மெஷினில் சுழலும் பிளேடு உருளையான ரீலுக்கும், அசையாத கீழ்ப் பிளேடுக்கும் நடுவே பழைய பேப்பர் துண்டை விட்டுச் சுற்றிப் பாருங்கள். நீளம் முழுக்கச் சுத்தமாக வெட்ட வேண்டும். ரீல் சாணை பிடித்து செட் செய்யத் தெரிந்தவரை எந்த மைதானமும் லேசில் விடாது.

இடத்துக்கு இடம் வேலை மாறும். சேலத்து மே வெயிலில் அருகு குஷியாக ஓடும், தண்ணீர்தான் தலைவலி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வந்தால் மார்கழியில் அதே புல் தூங்கிவிடும், காலையில் பனிநீர் மணிக்கணக்கில் நிற்கும். நீளமான மூங்கில் கழியால் தட்டிப் பனியை உதறிவிட்டுத்தான் நான் மெஷினை இறக்குகிறேன். கோரைக் களைக்கு மட்டும் மலையும் ஒன்றுதான், சமவெளியும் ஒன்றுதான். மேலே பிடுங்கினால் கிழங்கு கீழே சிரித்துக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்: வெட்டிய உயரம், மழை, உரம், நோய், கூடவே போனில் ஒரு படம். எனக்கு மேற்பார்வையாளர் வேலை கொடுத்தவர் மார்க்ஷீட்டைவிட அந்த நோட்டைத்தான் அதிக நேரம் புரட்டினார்.

படிப்பு அப்புறம். மண் பரிசோதனைபற்றிக் கேட்க, சேலத்துக்கு வரும்போது சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். தோட்டக்கலை டிப்ளமோ வாய்ப்பு இருந்தால் விடாதீர்கள். 1926இல் தொடங்கிய அமெரிக்கக் கோல்ஃப் மைதானக் கண்காணிப்பாளர் சங்கத்தின் சான்றிதழுக்கு இந்தத் துறையில் மதிப்பு உண்டு, ஆனால் அது பல வருட அனுபவத்துக்குப் பிறகு பார்க்க வேண்டியது. அதற்குள் உர மூட்டையிலும் மருந்து பாட்டிலிலும் இருக்கும் ஆங்கிலத்தைத் தடுமாறாமல் படிக்கப் பழகுங்கள். நான் அதில்தான் இரண்டு வருடம் பின்தங்கினேன்.