அனாஹைம் டிஸ்னிலாந்தில் மூன்றாவது பூங்கா வருமா?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள அனாஹைமில் மூன்றாவது டிஸ்னி கேளிக்கைப் பூங்கா உடனடியாக வரும் என்ற ஊகத்தை விட, அங்கே இருக்கும் இரண்டு பூங்காக்களும் (டிஸ்னிலாந்து, கலிபோர்னியா அட்வென்ச்சர்) மேற்கு நோக்கி விரியும் என்ற ஊகமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. 2024 மே மாதம் அனாஹைம் நகர மன்றம் ஒப்புதல் அளித்த 'டிஸ்னிலாந்து ஃபார்வர்டு' விரிவாக்கத் திட்டம் புதிதாகப் பெரிய நிலப்பரப்பு எதையும் சேர்க்கவில்லை. டிஸ்னி நிறுவனத்தின் கைவசமுள்ள நிலத்திலேயே, இதுவரை விடுதிகளுக்கும் வாகன நிறுத்தத்திற்கும் எனத் தனித்தனியே ஒதுக்கப்பட்டிருந்த பகுதிகளில் சவாரிகளையும் அமைத்துக்கொள்ள அது வழிவிடுகிறது. பத்தாண்டுகளில் குறைந்தது 190 கோடி டாலர் முதலீடு என்பதும் ஒப்பந்தத்தில் உள்ளது.

முன்னுதாரணமும் அங்கேயே இருக்கிறது: 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் பழைய வாகன நிறுத்துமிடத்தின் மீதுதான் 2001இல் கலிபோர்னியா அட்வென்ச்சர் எழுந்தது. சுற்றிலும் நகரம் நெருக்கும் இடத்தில், பல அடுக்கு வாகன நிறுத்தங்கள் எங்கே கட்டப்படுகின்றன என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். அவை மிச்சப்படுத்தும் தரையில்தான் அடுத்த விரிவாக்கம் தொடங்க முடியும்.