வங்கி மதிப்பீட்டாளர் வருவதற்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமா?

அடமானக் கடன் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரம் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வருகிறார், அதற்குள் வெள்ளையடித்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. அந்தச் செலவு வேண்டாம். மதிப்பீட்டுப் பொறியாளர் ஒருவரிடம் வேலை பார்த்து, டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி பல வீடுகளைச் சுற்றிவந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மதிப்பீட்டாளர் நிலத்தைத் தனியாகவும் கட்டடத்தைத் தனியாகவும் கணக்கிடுவார். நிலத்துக்கு அக்கம்பக்க விலை நிலவரத்தோடு அரசின் வழிகாட்டி மதிப்பையும் பார்ப்பார். கட்டடத்துக்கு, இன்று அதைக் கட்டினால் ஆகும் செலவில் தேய்மானம் கழிப்பார். கான்கிரீட் வீட்டுக்கு 60 ஆண்டு ஆயுள், 10 சதவீத எச்ச மதிப்பு (ஆயுள் முடிந்த பிறகும் மிஞ்சுவது) என்று வைத்துக்கொண்டு, மீதி 90 சதவீதத்தை அந்த 60 ஆண்டுகளில் சமமாகக் கழிப்பது பரவலான வழக்கம். அந்தக் கணக்கில் 20 ஆண்டு பழைய வீட்டில் 30 சதவீதம் கழிந்துவிடும். புதுப் பெயின்ட் அடித்து வீட்டின் வயதைக் குறைக்க முடியாது.

கையில் பணம் இருந்தால் ஒழுகலைச் சரிசெய்யுங்கள். சன்ஷேடின் அடியில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், வாசலில் நிற்கும்போதே அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துவிடுவார். ஈரம் காயாத சுவரில் பெயின்டை மட்டும் பூசி வைத்தால், இன்னும் எதையெல்லாம் மறைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம்தான் வரும்.

உண்மையான வேலை எல்லைகளில் இருக்கிறது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளும், கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்ற அளவுகளும் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளப்பார். சுற்றுச்சுவர் ஓரமாக விறகும் உடைந்த ஓடும் குவிந்து கிடந்தால் டேப் நேராகப் போகாது, அகற்றிவிடுங்கள். எல்லைக்கல் புதருக்குள் இருந்தால் வெட்டி வெளியே தெரியச் செய்யுங்கள். பத்திரத்தில் ஓர் அளவும் இடத்தில் வேறோர் அளவும் வந்தால், பெரும்பாலும் குறைந்ததையே எடுத்துக்கொள்வார்கள். பழைய பத்திரத்தில் 'வடக்கே தென்னந்தோப்பு' என்றிருக்கும். இன்று அங்கே வரிசையாக வீடுகள் நிற்கும். அந்தத் தோப்பு இருந்த இடம் இதுதான் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் யாராவது அன்றைக்கு வீட்டில் இருந்தால் மிகவும் நல்லது.

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வையுங்கள். பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் மேலே எழுதிவிடுங்கள். வரைபடத்தில் இல்லாத மாடி அறை இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். அதை மதிப்பில் சேர்க்காமல் போகலாம், ஆனால் மறைத்து, பிறகு அவரே கண்டுபிடித்தால் கடனே தள்ளிப்போகும். போர்வெல், தரைத்தொட்டி போன்றவற்றையும் காட்டுங்கள். அவற்றைத் தனியாகச் சேர்ப்பது உண்டு, நீங்கள் காட்டாவிட்டால் விட்டுப்போகும்.

மொட்டைமாடிச் சாவியை எடுத்து வையுங்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர்கள் பூட்டிவிட்டுப் போயிருந்தால் அந்தப் பகுதியை உள்ளே பார்க்க முடியாமல் அவர் இன்னொரு நாள் வரவேண்டியிருக்கும்.