தீரன்: ரேகையும் பிறப்பும்

அன்புள்ள ஐயா,

கொள்ளைக் கும்பலைப் போலீஸ் தேடிப் போகும் ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படத்தை மறுபடி பார்த்தேன். விசாரணைக் காட்சிகள் இப்போதும் இழுத்துப் பிடிக்கின்றன. ஒரு சந்தேகம்: கையில் விரல்ரேகை இருந்தும் ஆளைப் பிடிக்க இத்தனை வருடம் ஆகுமா, இல்லை சினிமாவுக்காக நீட்டினார்களா? இன்னொன்று, இது ஆபத்தான படம் என்கிறார் நண்பர். ஏன் என்று விளங்கவில்லை.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

நீட்டவில்லை. அந்தக் காலதாமதம்தான் படத்திலேயே உண்மைக்கு மிக நெருக்கமான விஷயம்.

பழைய ரேகைக்கூடங்களில் ஹென்றி முறைதான். கைதானவரின் பத்து விரலையும் ஒரே அட்டையில் உருட்டி எடுப்பார்கள். எந்தெந்த விரலில் சுழி விழுந்திருக்கிறது என்று பார்த்து, 16, 8, 4, 2, 1 என மதிப்பிட்டு, ஒரு பின்னம் போடுவார்கள். மொத்தம் 1,024 பிரிவுகள். அட்டை அதற்குரிய பிரிவில் போய்ச் சேரும். பத்து விரலும் கிடைத்தால் அட்டையைச் சீக்கிரமே எடுத்துவிடலாம். கொள்ளை நடந்த வீட்டு பீரோவில் கிடைப்பதோ ஒரே ஒரு விரல், அதுவும் பாதி கலைந்தது. அதை வைத்து அந்தப் பின்னத்தைப் போட முடியாது. போட முடியாதபோது எந்த அடுக்கில் கை வைப்பது? லென்ஸை வைத்துக்கொண்டு, கோடு எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று அட்டை அட்டையாகப் பார்க்க வேண்டியதுதான். ஆள் வேறு மாநிலத்தில் கைதாகியிருந்தால் அட்டையும் அங்கேதான் கிடக்கும். எல்லா மாநிலப் பதிவுகளையும் ஒரே இடத்தில் தேடித்தரும் நாஃபிஸ் என்ற கணினி அமைப்பு வந்ததே 2022-இல்தான். இந்தச் சலிப்பான வேலையைப் பரபரப்பாக்கியதில் இயக்குநர் வினோத் கெட்டிக்காரர்.

குறைகளில் காதல் பகுதியை விட்டுவிடுவோம். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு உறுத்துவது வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே படம் திருப்தியடைந்துவிடுவது. போலீஸ் அடித்து வாங்கிய வாக்குமூலத்தை அன்றைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு ஏற்கவில்லை. அதன் வழியாகப் பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பேச்சு மட்டும் 27-ஆவது பிரிவின் கீழ் நின்றது. கொலையோடு கூடிய கூட்டுக்கொள்ளை வழக்கில் (அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 396-ஆவது பிரிவு) ஒவ்வொருவரும் அங்கே இருந்தார் என்று நிறுவ ரேகையும் அடையாள அணிவகுப்பும் எவ்வளவு முக்கியம் என்பது படத்தில் வரவே இல்லை.

நண்பர் சொல்வதற்கு வருகிறேன். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்எல்ஏ சுதர்சனம் கொல்லப்பட்டதும், ஐஜி ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை தேடியதும் நிஜம். கொன்றவர்கள் ஒரு கும்பல். படம் அந்தக் கும்பலின் பூர்வீகத்தைச் சொல்லத் தொடங்கும்போது, கும்பல் மெல்ல ஒரு சமூகமாக விரிந்துவிடுகிறது. சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பட்டியலிட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்து, 1952-இல்தான் ஒழிந்தது. அதன் 1911-ஆம் வருடத் திருத்த வடிவம், பட்டியலில் ஏறியவர்களிடம் எப்போது வேண்டுமானாலும் ரேகை எடுக்கலாம் என்றது. தென்மாவட்டங்களில் அதற்குப் பெயரே ரேகைச் சட்டம். அந்தப் பதிவை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதைத் தெரிந்த தமிழ்ப் பார்வையாளருக்கு அந்தப் பகுதி கூசத்தான் செய்யும்.

ஒரே ஆளைத்தான் ரேகை காட்டும். முதல் பாதி முழுக்க அதை நம்பி நடந்த படம், பிறகு பிறப்பையே துப்பாக எடுத்துக்கொள்கிறது. இரவுப் பேருந்துச் சண்டையை நானும் ரசித்தேன், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கிராமத்தையும் மொத்தமாக எதிரியாகக் காட்டும் காட்சி வந்தால், அங்கே யார்மீது என்ன ஆதாரம் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நண்பரின் கோபம் விளங்கும்.