மெஜென்டோ 2 என்ற இணையக் கடை மென்பொருளில் இயங்கும் கடையில் சில பொருட்களின் பக்கங்கள் மட்டும் 404 ('பக்கம் இல்லை') என்ற பிழையைக் காட்டுகின்றன. ரீஇண்டெக்ஸ் (தரவுப் பட்டியல்களை மீண்டும் கட்டுதல்) செய்தும் தீரவில்லை. பக்க முகவரிகளை அவற்றின் பொருட்களோடு இணைக்கும் யூஆர்எல் ரீரைட் அட்டவணையைக் காலி செய்துவிடலாமா?

தயவுசெய்து காலி செய்யாதீர்கள். மெஜென்டோ 1-இல் ரீஇண்டெக்ஸ் செய்தால் இந்த முகவரிகள் மீண்டும் உருவாகிவிடும். மெஜென்டோ 2-இல் அது இண்டெக்ஸரின் வேலையே அன்று. உங்கள் முயற்சி பலிக்காததற்குக் காரணம் அதுதான். காலி செய்த அட்டவணையும் தானாக நிரம்பாது.

முதலில் அந்த 404 பக்கத்தையே உற்றுப் பாருங்கள். கடையின் லோகோவும் மெனுவும் அதில் தெரிந்தால், கோரிக்கை மெஜென்டோ வரை வந்துவிட்டது என்று பொருள். வெள்ளைப் பக்கத்தில் சர்வரின் இரண்டு வரி மட்டும் இருந்தால், சர்வர் அமைப்பில்தான் கோளாறு. தரவுத்தளத்தைத் தொட வேண்டியதில்லை. லோகோ தெரிகிறதென்றால், அட்மினில் பொருளின் ஐடியைக் குறித்துக்கொண்டு, தளத்தின் பெயருக்குப் பின் 'கேட்டலாக்/ப்ராடக்ட்/வியூ/ஐடி/214' என்பது போன்ற உள்முகவரியை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். பக்கம் திறந்தால் பொருள் நன்றாகவே இருக்கிறது, அதற்குரிய ரீரைட் வரிதான் பழுது.

நான் பராமரித்த ஒரு புடவைக் கடையில், தரவுத்தளத்தில் நேரடியாக எழுதும் கருவியொன்றின் வழியே பொருட்களை ஏற்றியிருந்தார்கள். நான்கு நிறப் புடவைகளுக்கும் யூஆர்எல் கீ, அதாவது முகவரியில் வரும் பொருளின் பெயர், 'காட்டன்-சாரி' என்றே இருந்தது. ஒரு ஸ்டோர் வியூவில் (மொழி போன்றவற்றுக்கேற்ற கடையின் ஒரு தோற்றம்) ஒரு முகவரிக்கு ஒரே வரிதான் இருக்க முடியும் என்பதால், சிவப்புப் புடவை முகவரியைப் பெற்றுக்கொள்ள, மற்ற மூன்றும் முகவரியின்றி நின்றன.

ஆகவே, பேக்கப் எடுத்தபின், ஒன்றுக்கு மேற்பட்ட பொருட்களில் வரும் யூஆர்எல் கீக்களை ஒரு வினவல் எழுதித் தேடுங்கள். பொது மதிப்பையும் ஒவ்வொரு ஸ்டோர் வியூவின் மதிப்பையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பலரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். இரட்டையாக உள்ள கீயின் இறுதியில் எஸ்கேயூவை (பொருளின் தனிக் குறியீடு) சேர்த்துச் சேமித்தால் புதிய வரி உருவாகும். எதையும் மாற்றாமல் வெறுமனே சேமித்தால் பொதுவாக உருவாகாது.

தவறான ஐடியைச் சுட்டும் வரியை நீக்கியே ஆக வேண்டுமென்றால், அந்தப் பொருளுக்குத் தானியங்கியாக உருவான வரியை மட்டும் நீக்குங்கள். கைப்பட எழுதிய வரிகளும், முன்பு கீயை மாற்றியபோது பதிவான 301 திசைமாற்றங்களும் (பழைய முகவரியிலிருந்து புதியதற்கு அனுப்புபவை) வேறு. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் பகிர்ந்த பழைய இணைப்புகள் அவற்றால்தான் இன்றும் திறக்கின்றன. அவை அழிந்தால், எந்தப் பழைய முகவரி எந்தப் பொருளுக்குரியது என்பதைப் பேக்கப் இல்லாமல் மீட்பது மிகவும் கடினம்.