அப்பாவோட சிங்கிள் பேரலும் சில்வர் பீச் பலூனும்

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல துப்பாக்கி சுடுற பழக்கத்த பத்தி நாலு வரி எழுதினதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல, அதுவும் கடலூர், புதுச்சேரி பக்கத்துலேந்து தான் நிறைய. அஞ்சு பேருக்கு மட்டும் இப்ப பதில் சொல்றேன்.

ஐயா, அப்பா தவறி எட்டு மாசம் ஆகுது. அவர் லைசென்ஸ் வாங்கி வச்சிருந்த 12 போர் (போர்ங்கறது குழல் அளவு) சிங்கிள் பேரல், அதாவது ஒத்தக் குழல் துப்பாக்கி ஒண்ணு பீரோவுல இருக்கு. சுடுற எண்ணம் இல்ல, அவர் ஞாபகமா வச்சுக்கலாமா?
வாசகர், வில்லியனூர்

வச்சுக்கலாம் தம்பி, ஆனா இப்ப இருக்கற மாதிரி பீரோவுல இல்ல. லைசென்ஸ் அப்பா பேர்ல இருந்தது, அவரோட அது முடிஞ்சு போச்சு, இப்ப அந்த வீட்டுல இருக்கறது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 1959 ஆயுதச் சட்டப்படி தாமதம் பண்ணாம பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கி கடையிலயோ ஒப்படைச்சிருக்கணும். அப்படி செய்யலன்னா 2 வருஷத்துலேந்து 5 வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டத்துல இருக்கு, பயமுறுத்தறதுக்காக சொல்லல, எட்டு மாசம் ஆயிடுச்சேன்னு சொல்றேன். ஒரு வக்கீல கூட கூட்டிட்டு, துப்பாக்கிய எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடியே ஸ்டேஷனுக்கு தகவல் சொல்லி, ஒப்படைச்சு ரசீது வாங்குங்க. தோட்டா மிச்சம் இருந்தா அதையும் எண்ணி எழுதிக் குடுங்க.

அப்புறமா வாரிசுங்கற முறையில உங்க பேருக்கு லைசென்ஸ் கேக்கலாம், 2016 ஆயுத விதிகள்ல அதுக்கு தனியா வழி இருக்கு. இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், கூடப்பொறந்தவங்க சம்மதம், டாக்டர் சர்டிஃபிகேட், துப்பாக்கிய பத்திரமா கையாள பயிற்சி எடுத்ததுக்கு சான்று எல்லாம் கேப்பாங்க. ஒரு ஆளு 2 துப்பாக்கிக்கு மேல வச்சுக்க முடியாது, 2019 திருத்தத்துக்கு முன்னாடி அது 3.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு முக்கியம். அந்த துப்பாக்கி காலியா இருக்கான்னு யாராவது பாத்தீங்களா? எனக்கு பதினேழு வயசு இருக்கும்போது உறவுக்காரர் ஒருத்தர் "காலிதான்டா, புடிச்சுப் பாரு"ன்னு ஒரு பழைய துப்பாக்கிய கையில குடுத்தாரு, நான் தாழ்வாரத்து கூரையப் பாத்து சும்மா ட்ரிக்கர அழுத்தினேன், ஓடு ரெண்டு பொடியா கொட்டுச்சு, காதுல ராத்திரி பூரா கொய்ங்குன்னு சத்தம், என் தங்கச்சி கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் அங்க தான் பாய் போட்டு படிச்சிட்டு இருந்தா. அன்னைலேந்து யார் காலின்னு சொன்னாலும் நானே திறந்து பாக்காம வாங்க மாட்டேன். சிங்கிள் பேரல்னா லீவர தள்ளி குழல மடிச்சா பின்பக்கம் தெரிஞ்சிடும், உங்களுக்குப் பழக்கம் இல்லன்னா தொடாதீங்க, தெரிஞ்சவங்க வந்து பாக்கட்டும்.

சார், என் பொண்ணு ஒம்பதாவது படிக்கிறா, என்.சி.சி கேம்ப்ல .22 ரைஃபிள் சுட்டுட்டு வந்ததுலேந்து ஷூட்டிங் கத்துக்கணும்னு ஒரே புடிவாதம். கண்ணாடி வேற போட்டிருக்கா. அனுப்பலாமா? செலவு தாங்குமா?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

தாராளமா அனுப்புங்கம்மா. ரெண்டு ஒலிம்பிக்ஸ்ல, டோக்கியோவுலயும் பாரிஸ்லயும், நம்ம நாட்டுக்காக ஏர் ரைஃபிள் சுட்ட இளவேனில் வாலறிவன் பொறந்தது உங்க கடலூர்ல தான், வளந்தது அகமதாபாத்துல. கண்ணாடி ஒரு தடையே இல்ல, சுடுறதுக்குன்னே தனி ஃபிரேம்ல பவர் லென்ஸ் போட்டுக்கறாங்க.

10 மீட்டர் ஏர் ரைஃபிள்லேந்து ஆரம்பிக்கறது நல்லது. அந்த டார்கெட்ல நடுவுல இருக்கற பத்து மார்க் எடம், அரை மில்லிமீட்டர் புள்ளி, பேனா முனையால ஒரு தடவ தொட்டு எடுத்த அளவு தான். நின்னுக்கிட்டு, அஞ்சு கிலோ பக்கம் இருக்கற ரைஃபிள தாங்கிக்கிட்டு, 75 நிமிஷத்துல 60 குண்டு சுடணும், நட்ட நடுவுல பட்டா ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9, ஆக முழு மார்க் 654. சினிமாவுல பாக்கற மாதிரி டுமீல்னு எதுவும் இருக்காது, அழுத்தின காத்து தான் ஈயக்குண்டத் தள்ளுது, "டப்"னு ஒரு சின்ன சத்தம், அவ்வளவு தான்.

நான் முதல்ல ஷூட்டிங் கிளப்புல சேந்தப்ப கோச் ஒரு வாரம் குண்டே குடுக்கல. வெறும் துப்பாக்கிய தூக்கு, நில்லு, மூச்ச பாதி விட்டு நிறுத்து, எறக்கு. கோவமா வந்துச்சு. நாலாவது நாள் தான் என் நெஞ்சு அடிக்கறதுக்கு ஏத்த மாதிரி முன் சைட்டு, அதாவது குறி பாக்கறதுக்கு குழல் முன்னாடி இருக்கற முனை, லேசா துள்றத கண்ணால பாத்தேன், நம்ம இதயம் துடிக்கறது ஒரு இரும்புத் துண்டுல தெரியுது, அந்த நிமிஷத்துல தான் இந்த விளையாட்டு மேல எனக்கு ஆசை வந்துச்சு. அந்த துள்ளல் அடங்கற நேரம் பாத்து விரல மட்டும், விரல் நுனிய மட்டும், அசைக்கணும்.

செலவுக்கு வருவோம். வெளிநாட்டு மேட்ச் ரைஃபிள் ரெண்டு லட்சத்துக்கு மேல போயிடும், அதோட தோல், கேன்வாஸ் ஜாக்கெட், பேன்ட், ஷூ, எல்லாம் சேத்தா நடுத்தர குடும்பத்துக்கு பாரம் தான், அத மறைக்க மாட்டேன். ஆனா முதல் ஒரு வருஷம் எதையும் வாங்காதீங்க, கிளப்புல இருக்கற துப்பாக்கியிலயே பழகட்டும். ஏர் பிஸ்டலையும் ஒரு தடவ புடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, ஒரே கையில புடிக்கறது, அந்த கனமான ஜாக்கெட் வேண்டாம், சில பிள்ளைங்களுக்கு அது தான் ஒத்துவரும். மனு பாக்கர் பாரிஸ்ல 2024ல ரெண்டு வெண்கலம் வாங்கினதுல ஒண்ணு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தனிநபர், இன்னொண்ணு அதே பிஸ்டல்ல கலப்பு டீம். குண்டு ஈயம்ங்கறதால சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவாம பொண்ண எதையும் சாப்பிட விடாதீங்க.

அண்ணா, சில்வர் பீச்சுல பலூன் சுடும்போது பத்துக்கு ரெண்டு கூட படல. என் குறி அவ்வளவு மோசமா?
வாசகர், மஞ்சக்குப்பம்

உங்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாது தம்பி. தினம் நூறு கை மாறுற துப்பாக்கி அது, சைட்டு ஆடிப் போயிருக்கும், ஸ்பிரிங் தளந்திருக்கும், கடல் காத்துல வேற உப்பு. அதனால முதல் குண்ட பலூனுக்குன்னு நினைக்காம பலகையில எங்க படுதுன்னு பாருங்க, கீழ எடதுபக்கம் பட்டா அடுத்தத அதே அளவு மேல வலதுபக்கம் புடிங்க. அடுத்தது, முன்னாடி இருக்கற முள்ளு, பின்னாடி இருக்கற பள்ளம், பலூன், இந்த மூணையும் ஒரே நேரத்துல கண்ணு தெளிவா பாக்காது. முள்ள மட்டும் தெளிவா பாருங்க, பலூன் மங்கலா தெரிஞ்சாலும் பரவால்ல. எல்லாரும் பலூனையே முறைச்சுப் பாக்கறதால தான் தப்புது. ட்ரிக்கர வெடுக்குன்னு இழுக்காதீங்க, எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி மெதுவா.

ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு கடையில சொன்னாங்க. நாத்தங்கால்ல இறங்குற மடையான், கொக்க சுடலாமா?
வாசகர், பாகூர்

கூடாது. குழலோட உள் அகலம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல போகாம, குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டாம்ங்கறது உண்மை, அது வாங்கறதுக்கு மட்டும் தான். மடையான், கொக்கு சுடுறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். அடிபட்ட பறவ உடனே சாகாது, றெக்கை ஒடிஞ்சு சேத்துல ரெண்டு நாள் கிடந்து சாகும், பாத்திருக்கேன். நாத்துக்கு மேல வலை கட்டுங்க, பளபளக்கற ரிப்பன் கட்டுங்க.

பழைய காலத்து துப்பாக்கி சேக்கணும்னு ஆசை, சட்டம் விடுமா?
வாசகர், முத்தியால்பேட்டை

ரிப்பேர் பண்ணினாலும் சுடவே முடியாத பழைய சாமானா இருந்தா ஆயுதச் சட்டம் அதுல தலையிடாது. ஆனா குழல் வாய் வழியா மருந்து கெட்டிச்சு சுடுற துப்பாக்கி, நூறு வருஷம் பழசா இருந்தாலும், ஒரு கொல்லன் சரி பண்ணிட முடியும்னா அது துப்பாக்கி தான், லைசென்ஸ் வேணும். அதனால பழைய சாமான் கடையில பேரம் பேசி வாங்கிட்டு அப்புறமா விசாரிக்கலாம்னு இருக்காதீங்க. வாங்கினா உப்புக்காத்துக்கு தோல் உறையில போட்டு வைக்காதீங்க, தோல் ஈரத்த புடிச்சு வச்சுக்கும், கை பட்ட எடத்துல விரல் ரேகை அப்படியே துருவா நிக்கும், மெல்லிசா எண்ணெய் துணியால தொடைச்சு திறந்த ஸ்டாண்டுல பூட்டி வைங்க.

வாங்கறதுக்கு முன்னாடி பாக்கறதுக்கு நிறைய இருக்கு. எழும்பூர் மியூசியத்துல தஞ்சாவூர் ஆயுதங்கள் இருக்கு. அத விட கிட்ட, கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. 1690ல ஆங்கிலேயர் அங்க இருந்த கோட்டைய மராட்டியர்கிட்ட வாங்கினப்ப பீரங்கிக் குண்டு போய் விழற தூரம் வரைக்கும் உள்ள ஊரெல்லாம் சேத்துன்னு பேசி, நாலா பக்கமும் பீரங்கி சுட்டு எல்லை வகுத்தாங்க. புனித டேவிட் கோட்டைனு பேரு, இப்ப மிச்சம் கொஞ்சம் தான். அந்த ஊர்களுக்கு குண்டு கிராமம்னு பேரு வந்துச்சு, குண்டு உப்பலவாடி இன்னும் அந்த பேரோட தான் இருக்கு.