குகைக்குள் போனால் வெயிலுக்குத் தப்பலாமா?

கேள்வி: மே மாதம் ஆந்திராவின் கண்டிக்கோட்டையில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கி, பேலம் குகைக்கும் போகிறோம். மகனுக்கு 9 வயது. 66 வயது மாமியார் ரத்த அழுத்தத்துக்காக நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரை) சாப்பிடுகிறார். பகல் வெயில் நேரத்தைக் குகைக்குள் கழித்துவிடலாம் என்கிறார் கணவர். சரிதானா?

பதில்: வேண்டாம். ஆழமான குகையின் வெப்பம் அந்த வட்டாரத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிற்கும். குளிர்நாட்டுக் குகைகள் சில்லென்று இருப்பது அதனால்தான். பேலம் இருக்கும் ராயலசீமையிலோ அந்தச் சராசரியே 28 டிகிரி அளவில் இருக்கிறது. பேலத்துக்குள் காற்று ஈரமாகவும் அசையாமலும் இருப்பதால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆவியானால்தான் உடல் குளிரும். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் பாதையில் ஏறி இறங்கும்போது உள்சூடு மெல்ல ஏறும். நிழலில்தானே இருக்கிறோம் என்று யாரும் கவனிக்க மாட்டார்கள்.

காலையில் திறந்தவுடன் முதல் ஆட்களாகப் போய்விடுங்கள். தளர்வான பருத்தி உடை போதும். மாமியார் முகப்பை ஒட்டிய அகன்ற கூடம்வரை வந்தால் போதும். குறுகலான ஆழப் பகுதிக்கு அவரை அழைத்துப் போகாதீர்கள்.

நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, எழுதிக்கொடுத்த மருத்துவரைப் பாருங்கள். கோடையில் அளவைக் குறைப்பது உண்டு. இதயத்துக்காகவும் கொடுத்த மாத்திரை என்றால், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

மகனுக்குக் கார் பயணத்தில் வாந்தி வருமென்று அவோமின் கொடுப்பவரா? குகைக்குப் போகும் நாளில் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள புரோமெத்தசின் வியர்ப்பதையே குறைக்கும். தூக்கமும் வருவதால், பையன் சோர்ந்திருப்பது மாத்திரையாலா சூட்டாலா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

நடக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை பெரியவர்கள் ஒரு டம்ளர், பையன் 150 மில்லி தண்ணீர் குடிக்கட்டும். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். வெறும் தண்ணீரே அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். நிறைய வியர்த்த பிறகு ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். இதில்தான் அடிக்கடி தவறு நடக்கிறது: ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்குகிறார்கள். அந்த உப்புக் கரைசல் குழந்தைக்கு ஆபத்து. பாக்கெட்டில் எழுதிய அளவு தண்ணீரை முதலில் அளந்து வைத்துக்கொண்டு கரையுங்கள். 24 மணி நேரம் ஆனதும் கொட்டிவிடுங்கள்.

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் அங்கேயே திரும்பி வெளியே வாருங்கள். நிழலில் கால்களை உயர்த்திப் படுக்கவைத்துக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). உடல் வியர்த்திருந்தாலும் அப்படித்தான். தோல் வறண்டால்தான் வெப்பவாதம் என்று காத்திருந்து உயிரை இழந்துவிடக் கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

குகையிலிருந்து தாடிபத்ரி சுமார் 30 கிலோமீட்டர், கண்டிக்கோட்டையிலிருந்து ஜம்மலமடுகு 15 கிலோமீட்டர். அங்குள்ள மருத்துவமனைகளின் எண்களை வீட்டிலிருந்தே குறித்துக்கொண்டு கிளம்புங்கள். குகைக்குள் செல்பேசியை நம்ப முடியாது.